நாலு பேரைத் தூக்கிய இட்லி

கோதண்டபாணி: நான் வேகவச்ச ஒரே ஒரு இட்லி, லோகு… நாலு பேரைத் தூக்கிக்கினு மூணு மாடி ஏறுச்சு.

லோகேஸ்வரன்: ஞாயித்துக்கிழமை காலையில இதைச் சொல்லத்தான் கதவை அந்தத் தட்டு தட்டினியா?

கோதண்டபாணி: மெதுவா ஏறுச்சுன்னு நினைக்காத. ஜிவ்வுனு. நாலு பேருல ஒருத்தன் கையில சாம்பார் வாளி. ஒரு சொட்டு தளும்பல.

லோகேஸ்வரன்: துர்கா… பாணி வந்துக்கிறான். வாசல்லயே ஆரம்பிச்சிட்டான். உள்ள விடறதா வேணாமா, நீயே சொல்லு.

துர்காதேவி: வாங்கண்ணே. கரண்ட் ஆபீஸ்ல ரிட்டயர் ஆனதுலேர்ந்து உங்களைப் பாக்கறதே அபூர்வமாப் போச்சு. இன்னா இட்லி?

கோதண்டபாணி: குடலை இட்லிமா. மூங்கில் குடலைக்குள்ள மந்தார இலை சுத்தி, மிளகு, சீரகம், சுக்கு, நெய் போட்டு… என் இடுப்பு உயரம் இருக்கும்.

லோகேஸ்வரன்: முழங்கால்.

கோதண்டபாணி: சரி, தொடை.

துர்காதேவி: அது எப்படிண்ணே ஆளுங்களைத் தூக்கும்?

கோதண்டபாணி: லிஃப்ட்டோட சேத்துத் தூக்குச்சு. ரயில்வே ரோட்ல ஒரு கல்யாண மண்டபம் இருக்குதில்ல… அங்க. ஆவணி மாசம். காலை டிபன் நேரம்.

லோகேஸ்வரன்: அந்த மண்டபத்துக்கே ரெண்டு மாடிதான்.

கோதண்டபாணி: உனக்கு எப்படித் தெரியும்?

லோகேஸ்வரன்: ரோட்ல போறவனுக்குக் கண்ணு இல்லையா?

துர்காதேவி: ஆவணி மாசமா… எந்தக் கல்யாணம்ணே?

கோதண்டபாணி: அது… வந்துமா… ஒரு காபி கிடைக்குமா?

துர்காதேவி: ஃபிளாஸ்க்ல இருக்குது. இதோ, இங்கயே ஊத்தறேன். சொல்லுங்க.

கோதண்டபாணி: உன் தம்பி பொண்ணு கல்யாணம்தான். புவனேஸ்வரி கல்யாணம்.

துர்காதேவி: ஓ.

லோகேஸ்வரன்: அந்தப் பேச்சு இந்த வீட்ல வேணாம், பாணி. உனக்குத் தெரியும்.

கோதண்டபாணி: தெரியும். பத்திரிகையில உன் பேரைப் போடல. அதுக்குத்தானே.

லோகேஸ்வரன்: போடலன்னா கூடப் பரவால்ல. சித்தப்பன் பேரு இருக்குது, பெரியப்பன் பேரு இருக்குது, பேண்டு செட்டுக்காரன் பேரு இருக்குது. என்னை 'மற்றும் உறவினர்கள்'ல சேத்துட்டான் முத்துக்குமாரு. முப்பது வருஷம் காலேஜ்ல ஃபிசிக்ஸ் எடுத்தவன், நான் 'மற்றும்'.

துர்காதேவி: அச்சாபீஸ்ல விட்டுப்போச்சுன்னு அவன் வந்து கால்ல விழாத குறையாச் சொன்னான்.

லோகேஸ்வரன்: இந்த வீட்லேர்ந்து ஒருத்தரும் அங்க போவக்கூடாதுன்னு சொன்னேன். போவல. நான் பென்ஷன் ஆபீஸ் போனேன். இவ…

துர்காதேவி: நான் கண் டாக்டர்கிட்ட.

லோகேஸ்வரன்: கண் டாக்டர்கிட்ட. அவ்ளோதான், முடிஞ்சுது. உன் இட்லிக்கு வா.

கோதண்டபாணி: வரேன். லோகு, நாளைக்குப் பதினோரு மணிக்கு என் மருமவ காலேஜ்ல கமிட்டி.

லோகேஸ்வரன்: அதானே பாத்தேன். இட்லி ஒரு சாக்கு. பாணி, நீ இங்க வந்ததே தப்பு. அந்தக் கமிட்டியில நான் ஒரு மெம்பர். வெளியாள்னு என்னைக் கூப்பிட்டிருக்கறாங்க.

கோதண்டபாணி: தெரிஞ்சுதான் வந்தேன்.

துர்காதேவி: நம்ம பிரியதர்ஷினிக்கா? இன்னா ஆச்சு?

கோதண்டபாணி: நாலு வருஷமா பி.எச்.டி. பண்ணிக்கினு இருக்கறா. நாளைக்கு இவன் தலையை ஆட்டலன்னா, 'பொய்க்கணக்கு எழுதினா'ன்னு பேரை நீக்கிடுவாங்க. நாலு வருஷமும் தண்ணியில போன மாதிரி. நேத்து ஒரு வாய் சோறு எறங்கல அவளுக்கு. பாதி எறங்குச்சு. இல்ல, எறங்கல.

லோகேஸ்வரன்: நான் வேணும்னா சொல்றேன், அந்தப் பொண்ணு எழுதின கணக்கு இருக்குதே… ஃபைல் இதோ மேசை மேலதான் இருக்குது. மூணு தரம் படிச்சிட்டேன். நடக்காத காரியம்.

துர்காதேவி: எனக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லுங்களேன். அவ படிப்பு இன்னா படிப்பு?

கோதண்டபாணி: கரி.

துர்காதேவி: கரியா?

கோதண்டபாணி: சாதாக் கரி இல்லம்மா. சன்னதித் தெருவுல தேங்காய் ஒடைக்கிறாங்க இல்ல, அந்த ஓட்டை மூட்டை மூட்டையா வாங்கியாந்து, காத்து படாம சுட்டு, அதுல ஒரு ரசாயனக் காரத்தைக் கலந்து மறுபடி அடுப்புல வச்சு, கழுவி எடுக்கறது. கண்ணுக்குத் தெரியாத பொத்தல் கோடிக்கணக்குல விழுந்துடும் அதுல. ஒரு சிட்டிகை எடுத்து அப்படியே விரிச்சுப் போட்டோம்னு வச்சுக்க… மூவாயிரம் புடவை.

லோகேஸ்வரன்: முந்நூறு.

கோதண்டபாணி: பாத்தியா, முந்நூறை ஒத்துக்கறான். நீ நம்பறியா, துர்காம்மா? ஒரு சிட்டிகையில முந்நூறு பட்டுப்புடவை.

லோகேஸ்வரன்: அது அறிவியல். ஒரு கிராம்ல அரை ஏக்கர் பரப்பு வரும். அது பொய் இல்ல.

கோதண்டபாணி: அந்தக் கரியைத் தகட்டுல பூசி, ரெண்டு தகட்டை எதிர் எதிரா வச்சா கரண்ட்டைப் பிடிச்சு வச்சிக்கும். பேட்டரி மாதிரி. ஆனா பேட்டரி இல்ல. பேட்டரி சோத்தை மென்னு ஜீரணம் பண்ற ஆளு. இது வாயில அடக்கி வச்சிக்கினு, கேட்டதும் துப்பிடும். சூப்பர் கெபாசிட்டர்னு பேரு.

லோகேஸ்வரன்: உதாரணம் கேவலமா இருந்தாலும் சரிதான்.

துர்காதேவி: அதுக்கும் லிஃப்ட்டுக்கும்?

கோதண்டபாணி: கரண்ட் போச்சுன்னா லிஃப்ட் நடுவுல நிக்காம பக்கத்து மாடிக்குப் போய்க் கதவைத் திறக்கணும். அதுக்குன்னு ஒரு பேட்டரி உண்டு. அந்த மண்டபத்துல அது செத்து ரெண்டு வருஷம். மண்டபத்து ஜெனரேட்டரைப் பாத்துக்கறவன் நான்தானே… ஓனர்கிட்டப் பேசி, அந்த எடத்துல மருமவளோட பொட்டியை வச்சோம். சோதனைக்கு. கல்யாணத்தன்னிக்குக் கரண்ட் போச்சு. லிஃப்ட் மொதல் மாடிக்கும் ரெண்டாவது மாடிக்கும் நடுவுல நின்னுது. ஒரு மூச்சு விட்டுது. அப்புறம் ஏறுச்சு பாரு… மூணு மாடி.

லோகேஸ்வரன்: ரெண்டு மாடிக் கட்டடத்துல மூணு மாடி. நிக்கறது மொதல் மாடிக்கு மேல. அப்ப மொட்டை மாடியைப் பொத்துக்கினு வானத்துக்குப் போச்சா?

கோதண்டபாணி: சரி, ரெண்டு.

லோகேஸ்வரன்: பாணி.

கோதண்டபாணி: ஒரு மாடி. ஒரு மாடின்னு வச்சுக்க. அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்.

லோகேஸ்வரன்: பொட்டியில இருந்த மீட்டர் ஏதோ காட்டுச்சு, அதை அந்தப் பொண்ணு எழுதிட்டா. சரி. கமிட்டியில கேட்டாங்க, 'அதே கரியை மறுபடி செஞ்சு காட்டு.' செஞ்சா. மூணு தரம். ஒரு சாண் தூக்கற சக்திதான் வருது. அதுக்கு மேல ஒரு விரக்கடை இல்ல. அப்ப மொத தரம் வந்தது எங்கேர்ந்து வந்தது? ஒண்ணு மீட்டர் பொய், இல்ல எழுதினவ பொய்.

கோதண்டபாணி: இல்ல கரி பொய்.

லோகேஸ்வரன்: இன்னா?

கோதண்டபாணி: துர்காம்மா, உள்ள ஏதாவது வேலை இருந்தாப் பாரேன். வெங்காயம் உரிக்கறது… பருப்பு ஊற வைக்கறது…

துர்காதேவி: ஊறிக்கினு இருக்குது. நீங்க சொல்லுங்கண்ணே.

கோதண்டபாணி: வைகாசியில கருட சேவை. அன்னிக்கு இந்திராணி தென்னேரியில அவ அக்கா வீட்டுக்குப் போயிருந்தா. ரிட்டயர் ஆனவன் சும்மா இருப்பேனா… அவ வரதுக்குள்ள ஒரு குடலை இட்லி பண்ணி அசத்தணும்னு கொல்லையில அடுப்பு மூட்டினேன். ஆவி வெளிய போவக்கூடாதுன்னு யாரோ சொன்னாங்க. அண்டா மூடியைச் சுத்தி கோதுமை மாவை அப்பி அடைச்சிட்டேன். மூணு மணி நேரம் ஆவுமே, அதுக்குள்ள சாமியைப் பாத்துட்டு வந்துடலாம்னு போனேன்.

துர்காதேவி: கருட சேவைக் கூட்டத்துலயா? போனா வர முடியுமாண்ணே?

கோதண்டபாணி: வர முடியல. என் கால் ரெண்டும் தரையில படவே இல்ல. அப்படியே ஜனம் என்னைத் தூக்கிக்கினு போய் கங்கைகொண்டான் மண்டபத்துகிட்ட எறக்கி விட்டுது. எட்டு மணி நேரம்.

லோகேஸ்வரன்: எட்டா?

கோதண்டபாணி: ஆறு. வந்து பாத்தா அண்டாவுல தண்ணி இல்ல. மூடியைப் பேத்தேன். உள்ள… குடலை நின்னுக்கினு இருக்குது. மந்தார இலை நரம்பு நரம்பாத் தெரியுது. இட்லி முழுசா நிக்குது. எல்லாம் கன்னங்கரேல்னு. தட்டினா டங்குனு சத்தம்.

லோகேஸ்வரன்: காத்து போவாம எரிஞ்சா சாம்பல் ஆவாது. உருவம் கலையாம கரியா நிக்கும்…

கோதண்டபாணி: நீ இப்ப சொல்ற. எனக்கு அப்ப இந்திராணி மூஞ்சிதான் தெரிஞ்சுது. ரெண்டு கிலோ அரிசி, ஒரு கிலோ உளுந்து, கால் கிலோ நெய். எங்க போட்டு மறைக்கறது? வாசல்ல மருமவ சுட்டு வச்ச தேங்காய் ஓட்டுக் கரி மூட்டை ஒண்ணு, பாதி மூட்டையாக் கிடக்குது. இட்லியை ஒடைச்சு, குடலையை ஒடைச்சு… உள்ள போட்டுக் கலக்கி, மூட்டையைக் கட்டிட்டேன்.

துர்காதேவி: அய்யய்யோ.

கோதண்டபாணி: மறுநாள் அவ வண்டியில வச்சு எடுத்துக்கினு போயிட்டா. அரைச்சா, காரம் போட்டா, பூசினா, பொட்டி பண்ணினா. அந்தப் பொட்டிதான் லிஃப்ட்டுல வச்சது. அவளுக்கு இன்னிய வரைக்கும் தெரியாது. 'மாமா, மொத மூட்டையில இன்னா இருந்துது, ஏன் மறுபடி வரமாட்டேங்குது'ன்னு ராப்பகலா யோசிக்கறா. நான் எதிர்க்க உக்காந்து பேப்பர் படிச்சிக்கினு இருக்கேன்.

லோகேஸ்வரன்: படுபாவி.

கோதண்டபாணி: திட்டு. நல்லாத் திட்டு.

லோகேஸ்வரன்: நாலு வருஷம்யா அந்தப் பொண்ணுக்கு.

கோதண்டபாணி: சும்மா இருந்துட்டேன்னு நினைக்காத. தனியா மறுபடி பண்ணிப் பாத்தேன். திருட்டுத்தனமா பதினோரு இட்லி கருக்கினேன். நாலு சாம்பல் ஆயிடுச்சு. அஞ்சு பாதி வெந்து பாதி தீஞ்சு நாறுச்சு. ஒண்ணை நாய் தூக்கிக்கினு போச்சு.

துர்காதேவி: பத்துதானேண்ணே ஆவுது.

கோதண்டபாணி: பதினோராவது நல்லா வெந்துடுச்சு. சாப்ட்டுட்டோம்.

லோகேஸ்வரன்: உளுந்துல நைட்ரஜன் இருக்குது, பாணி. அது கரியில தங்கினா, சக்தி கொஞ்சம் கூடும். வாஸ்தவம். ஆனா கொஞ்சம்தான். ஒரு சாண் தூக்கறது ஒண்ணரைச் சாண் தூக்கும். ஒரு மாடி தூக்காது. எந்த ஃபிசிக்ஸ்லயும் தூக்காது.

கோதண்டபாணி: தூக்குச்சுப்பா.

லோகேஸ்வரன்: ஜெனரேட்டர் ஓடியிருக்கும். அது தூக்கியிருக்கும். உன் பொட்டி பேரு வாங்கிக்குச்சு. கமிட்டியில மத்த ரெண்டு பேரும் அதைத்தான் சொல்றாங்க.

கோதண்டபாணி: ஜெனரேட்டர் ஓடல.

லோகேஸ்வரன்: எப்படிச் சொல்ற?

கோதண்டபாணி: நான்தானே அதுக்கு ஆளு.

லோகேஸ்வரன்: அதனாலதான் கேக்கறேன்.

கோதண்டபாணி: …டீசல் ஊத்தல. மொத நாளே ஊத்தியிருக்கணும். மறந்துட்டேன். கரண்ட் வந்தது அரை மணி கழிச்சு. இதை மண்டபத்துக்காரர்கிட்டச் சொல்லிடாத, 'ஃபில்டர் அடைச்சிக்குச்சு'ன்னு சொல்லி வச்சிருக்கேன்.

லோகேஸ்வரன்: உன்னை மாதிரி ஒருத்தன் சாட்சி. இட்லியைக் கருக்கின ஆளு, மூட்டையில மறைச்ச ஆளு, டீசல் ஊத்தாத ஆளு. நாளைக்கு நீ போய்ச் சொன்னா நம்புவாங்களா?

கோதண்டபாணி: என்னை யாரும் நம்பமாட்டாங்க. அது தெரியும். நான் மணி இன்னான்னு சொன்னாக்கூட இந்த ஊர்ல வேற ஒருத்தர்கிட்ட கேட்டுக்கறாங்க. அதான் லிஃப்ட்டுக்குள்ள இருந்தவங்களைத் தேடினேன்.

துர்காதேவி: நாலு பேருன்னீங்களே.

கோதண்டபாணி: நாலு பேரு. சாம்பார் வாளியோட அந்தோணி. கேட்டேன். 'மாதா கையைக் குடுத்துத் தூக்கினா'ன்னு எழுதித் தரேன்றான். ரெண்டாவது, சின்ன காஞ்சிபுரம் தையல்நாயகி அம்மா. அவங்க, 'பொய் சொல்றான், வரதர்தான் தூக்கினாரு'ன்றாங்க. இட்லி தூக்குச்சுன்னு சொன்னா ரெண்டு பேரும் சேந்து என்னை அடிக்க வராங்க.

லோகேஸ்வரன்: மூணாவது?

கோதண்டபாணி: போட்டோ எடுக்க வந்த ஆனந்தகுமாரு. பயத்துல கண்ணை மூடினவன் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திறந்தான். 'மேல போச்சா கீழ போச்சான்னே எனக்குத் தெரியல சார்'னு சொல்லிட்டான்.

துர்காதேவி: நாலாவது யாருண்ணே?

கோதண்டபாணி: நாலாவது… துர்காம்மா, ஒரு சொம்பு தண்ணி.

துர்காதேவி: காபி குடிச்ச உடனே தண்ணி குடிக்கக்கூடாது.

லோகேஸ்வரன்: கொண்டுவந்து குடேன். விக்கிக்கினு இருக்கறான்.

துர்காதேவி: அவரு விக்கல. நீங்கதான் ஒரு மாதிரி முழிக்கறீங்க.

கோதண்டபாணி: நாலாவது ஆளு யாருன்னு சரியாத் தெரியலம்மா. தலையில துண்டைப் போட்டு மூஞ்சியை மூடிக்கினு இருந்தாரு. கதவு திறந்ததும் படியில எறங்கி ஓடிட்டாரு. படிச்ச ஆளு. அவரு சொன்னா எடுபடும்.

லோகேஸ்வரன்: எப்படி நீ படிச்ச ஆளுன்னு சொல்ற?

கோதண்டபாணி: லிஃப்ட்டு நின்ன உடனே மத்த மூணு பேரும் சாமியைக் கூப்பிட்டாங்களாம். இவரு மட்டும் வாட்ச்சைப் பாத்தாராம்.

லோகேஸ்வரன்: அந்த ஆளு கிடைக்கலன்னா விட்டுடு. இல்லாத சாட்சியைத் தேடாத.

கோதண்டபாணி: கிடைச்சா ஆறு மாசம் அவகாசம் குடுப்பாங்களாம் லோகு. ஆறு மாசம் போதும். நான் மருமவ கால்ல விழுந்து உண்மையைச் சொல்லிடறேன். இட்லின்னே எழுதட்டும். நல்ல அடுப்புல வச்சு, ஒழுங்கா சுட்டு, மறுபடி பண்ணிக் காட்டுவா அவ. கெட்டிக்காரி. அவளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அன்னிக்கு மெய்யாலுமே ஏறுச்சுன்னு ஒரு மனுஷன் சொல்லணும்.

லோகேஸ்வரன்: ஒரு மாடின்னு யாரும் சொல்ல முடியாது.

கோதண்டபாணி: அரை மாடி. அரை மாடி கூடவா ஏறியிருக்காது?

லோகேஸ்வரன்: கணக்கு இடிக்குது.

கோதண்டபாணி: நாலு அடி.

லோகேஸ்வரன்: பாணி, இது கத்திரிக்கா வியாபாரமா?

கோதண்டபாணி: உன் ஃபிசிக்ஸுக்கு எவ்ளோ தாங்கும், நீயே சொல்லு. அதை வச்சுக்கறேன்.

லோகேஸ்வரன்: ஒண்ணரைச் சாண். அதுவும் லிஃப்ட்டுக்கு எதிர் எடை இருக்குது, பாதி பாரத்தை அது தாங்கிக்கும்ன்றதால.

கோதண்டபாணி: சரிப்பா. ஒண்ணரைச் சாண். ஒண்ணரைச் சாண் ஏறி நின்னுது. கதவு திறக்கல. கயிறு கட்டி எறக்கினோம். அப்படியே எழுதிடு. என் மருமவ பொய் எழுதினவளாவே இருந்துட்டுப் போவட்டும்.

துர்காதேவி: ஒண்ணரைச் சாணா? இன்னாண்ணே இது, நீங்களே இப்படிச் சொன்னா? கதவு திறந்துதே. வாசப்படி மாதிரி சமமா வந்து நின்னுதே. அந்தோணி வாளியோட தாண்டி வந்து நேராப் பந்திக்குப் போனானே.

லோகேஸ்வரன்: போனானா?

துர்காதேவி: அப்படின்னு… பேசிக்கினாங்க. கண் டாக்டர் வீட்ல.

லோகேஸ்வரன்: கண் டாக்டர் வீட்ல.

துர்காதேவி: ஆமா. டாக்டரம்மாவே சொன்னாங்க.

கோதண்டபாணி: துர்காம்மா… ஜெனரேட்டர் ஓடிச்சுன்னு சொல்றாங்களே, அதைப் பத்தி டாக்டரம்மா ஏதாவது…

துர்காதேவி: ஓடலண்ணே. எங்க ஓடிச்சு? ஒரு ஃபேன் சுத்தல அந்த ஹால்ல. புழுக்கம் தாங்காம நான் வாழையிலையை எடுத்து விசிறிக்கினு நிக்கறேன், எதிர்க்க இருட்டுல லிஃப்ட் கதவு மட்டும் திறக்குது. உள்ள சின்னதா ஒரு வெளிச்சம். எனக்கு உடம்பு சிலுத்துப்போச்சு.

கோதண்டபாணி: எழுதிக்க லோகு. மெயின் கரண்ட் இல்ல, ஜெனரேட்டர் இல்ல. ஃபேன் சுத்தல.

லோகேஸ்வரன்: துர்கா. நீ அங்க போனியா?

துர்காதேவி: போனேன்.

லோகேஸ்வரன்: நான் போவக்கூடாதுன்னு சொன்னேன்.

துர்காதேவி: சொன்னீங்க. நான் எடுத்து வளத்த குழந்தைங்க அது. தாலி கட்டும்போது பின்னாடி நின்னு ஒரு பிடி அட்சதை போட்டேன். எங்க அண்ணிதான் கையைப் பிடிச்சு இழுத்து, டிபனாவது சாப்பிட்டுப் போன்னு மேல கூட்டிக்கினு போனாங்க. இலை போட்டாங்க. நான் உக்காரல.

லோகேஸ்வரன்: ஏன்?

துர்காதேவி: ஏன்னா இன்னா ஏன்? அந்த வீட்டுக் கல்யாணத்துல கை நனைக்கமாட்டேன்னு உங்களுக்கு வாக்குக் குடுத்தேனே. போவமாட்டேன்னு சொன்னதைத்தான் காப்பாத்தல. இதையாவது காப்பாத்தணும்னு, அந்த இலையை வச்சு விசிறிக்கினு நின்னேன். பொங்கல் வாசனை மூக்கைத் துளைக்குது. வீட்டுக்கு வந்து பழைய ரசத்தை ஊத்திச் சாப்ட்டேன்.

கோதண்டபாணி: சே.

துர்காதேவி: நான் வந்து சொல்றேண்ணே நாளைக்கு. கமிட்டியில. எழுதிக் கையெழுத்துப் போடணும்னாப் போடறேன். இவரு கோவிச்சுக்கினா கோவிச்சுக்கட்டும். ஒரு பொண்ணோட நாலு வருஷம் அது.

கோதண்டபாணி: நீ சொன்னா கரண்ட் இல்லன்றது நிக்கும்மா. கதவு திறந்துதுன்றதும் நிக்கும். ஆனா எங்க நின்னுது, எத்தனை அடி ஏறுச்சு, எவ்ளோ நேரம்… அதை வெளிய நின்னவங்க சொல்ல முடியாது. உள்ள இருந்தவங்கதான் சொல்லணும்.

துர்காதேவி: அந்தத் துண்டு போட்ட மனுஷன் மனுஷனே இல்லண்ணே. நானும் பாத்தேன், விழுந்தடிச்சு ஓடினான். இன்னாத்தைத் திருடினானோ. அவனுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா இந்நேரம் தானா வந்து சொல்லியிருப்பான்.

கோதண்டபாணி: அவசரப்பட்டுத் திட்டாதம்மா.

துர்காதேவி: ஏன் திட்டக்கூடாது? நான் ஒரு பொம்பளை, பயந்துக்கினு ஒளிஞ்சு போனேன். அவனுக்கு இன்னா கேடு, மூஞ்சியை மூடிக்கினு வந்து திங்கணும்னு?

கோதண்டபாணி: லோகு… நான் போய்ட்டு வரேன். ஃபைலை நீ பாத்துக்க. உன் இஷ்டம். நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன். அது மட்டும் நான் மிகைப்படுத்தாம சொல்றேன்.

லோகேஸ்வரன்: உக்காரு.

கோதண்டபாணி: இல்லப்பா, இந்திராணி காத்துக்கினு…

லோகேஸ்வரன்: உக்காருன்றேன். துர்கா, அந்தப் பேனாவை எடு. இல்ல, நீ எழுது.

துர்காதேவி: நானா? இன்னா எழுதணும்?

லோகேஸ்வரன்: நான் சொல்லச் சொல்ல எழுது. ஆவணி மாசம், காலை எட்டு நாப்பத்திரெண்டு. ரெண்டாவது மாடி டிபனுக்குப் போற லிஃப்ட். எழுதிட்டியா?

துர்காதேவி: எட்டு நாப்பத்திரெண்டு… நிமிஷம் வரைக்கும் உங்களுக்கு எப்படி…

லோகேஸ்வரன்: எழுது. மொதல் மாடியைத் தாண்டி, கதவு இடுக்குல செங்கல் வரிசை மூணு தெரியற எடத்துல நின்னுது. அங்கேர்ந்து மேல்தளம் ஒம்போது அடி. பதினஞ்சு செகண்டு அசையல. அப்புறம் ஏறுச்சு. முப்பத்தெட்டு செகண்டு.

துர்காதேவி: ஏங்க.

லோகேஸ்வரன்: நாலு ஆளு, ஒரு வாளி. நாலாவது ஆளு எடை எண்பத்திரெண்டு கிலோ. பென்ஷன் ஆபீஸ் போறேன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டு, மச்சான் வீட்டுக் கல்யாணத்துல பொங்கல் திங்கப் போனவன். அதையும் போடு.

துர்காதேவி: அதைக் கமிட்டியில படிப்பாங்கங்க.

லோகேஸ்வரன்: படிக்கட்டும். கதவு திறந்துது. எதிர்க்க நீ வாழையிலையால விசிறிக்கினு நின்ன. மூணு மாசமா உன்னைக் கேக்க முடியல, கேட்டா நான் மாட்டிக்குவேன். இன்னிக்குத்தான் தெரியுது, நீ ஒரு வாய் சாப்பிடாம நின்னன்னு. கணக்கு இன்னும் எனக்கு இடிக்குதுதான், பாணி. ஆனா எழுதிக்க துர்கா, கையெழுத்து நான் போடறேன். உள்ள நான் இருந்தேன். அது ஏறுச்சு.